எழுபத்தொன்பது புள்ளி ஒன்று மூன்று

காலை ஆறு பத்துக்கு
தொரப்பாடி ஸ்விட்ச் பனிக்கடலில் கிடந்தது.
பச்சைப் புள்ளி. உயிரோடுதான்.
பிங் அடித்தால் நான்கு மில்லிசெகண்டில்
இதோ இருக்கிறேன் என்கிறது.
மேப்பில் மட்டும்
நார்வேக்கும் மேலே, துருவக் கரடிகளோடு.

வெளியே அக்னி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள்.
சர்வர் அறையின் ஒற்றை ஏசி
பல் கடித்துக்கொண்டு ஓடுகிறது.
மேனேஜர் கிறிஸ்துதாஸ் எட்டிப் பார்த்தார்:
"நம்ம எப்பம்மா அங்க லைன் இழுத்தோம்?"

ஒரு டீ ஆறும் நேரத்தில் பிடிபட்டது.
அட்சம் பன்னிரண்டு புள்ளி ஒன்பது,
தீர்க்கம் எழுபத்தொன்பது புள்ளி ஒன்று மூன்று.
யாருடைய கையோ
பின்னதை முன்னால் எழுதிவிட்டது.
வேலூரைத் திருப்பிப் போட்டால்
துருவம் வருகிறது.
வட ஆற்காட்டில் அந்த 'வட'
இதற்குத்தான் இருந்ததோ.
இருபத்தொரு பெட்டிகளை
ஒவ்வொன்றாய் வெயிலுக்குக் கூட்டி வந்தேன்.

அடுத்து ஆற்காடு ரோடு.
எங்கள் ஆற்காடு ரோடு:
மருந்துக் கடை, லாட்ஜ், மருந்துக் கடை,
வங்காள எழுத்தில் மீன் சோறு என்கிற பலகை.
மென்பொருள் அதை
வடபழனியில் கொண்டுபோய் நட்டிருந்தது.
வேலூர் என்று சேர்த்தேன்.
சேர்த்த பின்னும் வடபழனி.
அரைமணி நேரம் திட்டிய பிறகு புரிந்தது,
ஒருமுறை தேடியதை அது மனதில் வைத்துக்கொள்கிறது,
மறுபடி தேடுவதில்லை.
என் ஆதார் அட்டை இன்னும் என்னை
அரக்கோணத்தில், முன்னாள் மாமியார் வீட்டில்
வைத்திருப்பதுபோல.

கடைசியாக ஒன்று மிஞ்சியது.
இடம் என்ற கட்டத்தில்
"இங்கதான்" என்று மட்டும்.
மேப் விழித்துவிட்டு
பூஜ்யம் கமா பூஜ்யத்தில்,
ஆப்பிரிக்காவின் ஓரம் நடுக்கடலில் போட்டது.
எழுதியவன் நூருல்லா. இப்போது தம்மாமில்.

"ஏணி மேல நின்னுகினு ஒத்தக் கையில அடிச்சேன் மேடம்.
நா அங்க இருந்தேன்ல, அதான் இங்க."
எங்கே நூருல்லா?
"ஞாபகம் இல்ல மேடம்.
பக்கத்துல கோழி கூவிச்சு."

முந்நூற்றுப் பத்து வீடுகள்
அந்தப் பெட்டி வழியாகத்தான்
படம் பார்க்கின்றன, பணம் அனுப்புகின்றன,
சண்டை போடுகின்றன.

அது விழுந்த நாட்களை எல்லாம்
ஒரு தாளில் எழுதினேன்.
பக்கத்தில் மின்வாரிய அறிவிப்புகள்.
ஒன்பதுக்குக் கரண்ட் போனால்
பேட்டரி தீர்ந்து ஒன்பது இருபதுக்கு இது சாகும்.
மார்ச் பதினொன்று: கஸ்பா, கொசப்பேட்டை.
ஏப்ரல் எட்டு: கஸ்பா, சைதாப்பேட்டை.
கொசப்பேட்டையை அடித்தேன்.
சைதாப்பேட்டையை அடித்தேன்.

ஸ்கூட்டி சீட்டில் உட்கார முடியவில்லை.
துப்பட்டாவை மடித்துப் போட்டுக்கொண்டு போனேன்.
கஸ்பாவில் கம்பம் கம்பமாய் அண்ணாந்து
கழுத்து பிடித்துக்கொண்டது.
"இன்னா தேடற?" என்றார் ஒருவர்.
சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு கடலை.

கோழிக்கறிக் கடை. அதன் மொட்டை மாடி.
தண்ணீர்த் தொட்டி நிழலில் துருப்பிடித்த பெட்டி,
உள்ளே மினுக் மினுக்கென்று பச்சை.
போனில் எண்களை எடுத்தேன்.
முதலில் பன்னிரண்டு. பிறகு எழுபத்தொன்பது.
வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.
நூருல்லாவின் சொல்லை அழிக்க விரல் போனது,
போய் நின்றது.
எண்களுக்குப் பின்னால் அப்படியே விட்டேன்.

கீழே இறங்குமுன் கிறிஸ்துதாஸ் போன்:
"இன்னும் கடல்லதாம்மா மெதக்குது."
ரெஃப்ரெஷ் பண்ணுங்க சார்.
"பண்ணிட்டேன். அங்கயே நிக்குது."
பழைய ஞாபகம் சார்.
ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான்
தானாக அழியும்.